உள்ளே வைத்தது என்ன உலோகம் என்று எழுதிக் கொடுங்கள்: மூட்டு மாற்று அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எலும்பு, மூட்டு அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையைத் திட்டமிடும் மருத்துவ இயற்பியலாளர் நான். உங்கள் துறையும் எங்கள் துறையும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. இடுப்பு மூட்டு மாற்றியபின் தசைக்குள் எலும்பு வளரும் அபாயம் உள்ளவர்களை, 7 அல்லது 8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) ஒரே தவணையாகக் கொடுக்கச் சொல்லி அனுப்புவீர்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயில், உள்ளே கம்பி வைத்து எலும்பை நிறுத்திவிட்டு அனுப்புவீர்கள். அதோடு சரி.

ஆனால் உங்கள் நோயாளிகள் உங்களுக்குத் தெரியாமலே இன்னொரு வழியாகவும் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். மூட்டு மாற்றிப் பல வருடம் கழித்து, புராஸ்டேட்டிலோ கருப்பை வாயிலோ மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ புற்றுநோய் வந்து. நீங்கள் வைத்த மூட்டு அப்போதும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். நல்லபடியாக நடந்துதான் வருவார்கள். அந்த மூட்டு எதனால் ஆனது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகும், உள்ளே வைத்த ஒவ்வொரு பாகமும் எந்தப் பொருளால் ஆனது என்று நோயாளியின் கையில் எழுத்தில் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலு வரி போதும். இதற்கு ஒரு மடலா என்று தோன்றலாம். அந்த நாலு வரி இல்லாதபோது எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

கதிர்வீச்சுக்கு வருபவர்களில் 1 முதல் 4 சதவீதம் பேருக்கு, சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய செயற்கை உறுப்பு ஏதாவது உடலுக்குள் இருக்கும் என்கிறது அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 63ஆம் பணிக்குழு 2003இல் வெளியிட்ட அறிக்கை. உலோக இடுப்பு உள்ளவர்களின் இடுப்புக்கூட்டுக்குக் கதிர் கொடுப்பது பற்றி எங்கள் துறையினர் இன்றும் புரட்டுகிற அறிக்கை அதுதான். மூட்டு தேயும் வயதும் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புராஸ்டேட் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் மேலே சிறுநீர்ப்பை, பின்னால் ஒட்டினாற்போல் மலக்குடல், வலமும் இடமும் தொடை எலும்பின் தலைகள். சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் காப்பாற்ற நினைப்பவருக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் கதிர்தான் வசதி. சரியாக அந்த வழியில்தான் நீங்கள் வைத்த உலோகம் நிற்கிறது.

முதல் தொல்லை சிடி ஸ்கேனிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கள் திட்டம் முழுக்க சிடி படத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு: நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. அந்த எண்ணை வைத்துத்தான் அந்த இடம் எவ்வளவு அடர்த்தி, கதிர் அதில் எவ்வளவு குறையும் என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. சதைக்கும் எலும்புக்கும் இது அழகாக ஒத்துவரும். உலோகத்திடம்தான் கைவிரித்துவிடுகிறது. வழக்கமான 12 பிட் படத்தில் எண் 3071ஓடு நின்றுவிடும். டைட்டானியமும் அதைத் தாண்டும், எஃகும் தாண்டும், கோபால்ட் குரோமியமும் தாண்டும். 100 கிலோ வரைக்குமே காட்டும் தராசில் 150 கிலோ மூட்டையை வைத்தாலும் 250 கிலோ மூட்டையை வைத்தாலும் முள் 100இல்தானே நிற்கும்? அதே கதை. உண்மையில் டைட்டானியக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.4 கிராம். துருப்பிடிக்காத எஃகு 8 கிராம். கோபால்ட் குரோமியம் மாலிப்டினக் கலவை சுமார் 8.3 கிராம். கெட்டியான எலும்புகூட 2 கிராமைத் தொடாது. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசமுள்ள பொருள்கள் திரையில் ஒரே வெள்ளையாகத் தெரிகின்றன.

இப்போது 16 பிட் படம் எடுக்கும் வசதி பல கருவிகளில் வந்துவிட்டது. எண் இன்னும் மேலே போகும். ஆனாலும் மூட்டின் உருண்டையான, கெட்டியான உலோகத் தலைக்குள்ளே வரும் எண்ணை நான் நம்பமாட்டேன். ஸ்கேன் கருவியின் எக்ஸ் கதிர் அதைத் துளைத்து மறுபக்கம் போவதற்குள் பெரும்பாலும் செத்துவிடுகிறது. எஞ்சி வரும் சொற்பக் கதிரை வைத்துக் கட்டிய எண் அது.

அதே காரணத்தால்தான் படத்தில் கோடுகளும் வருகின்றன. ஒரு பக்க மூட்டு என்றால் நட்சத்திரம் வெடித்தது போல வெள்ளைக் கீற்றுகள். இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் இரு உலோகத் தலைகளுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை, நேராகப் புராஸ்டேட்டின் மேல். புராஸ்டேட் எங்கே முடிகிறது, மலக்குடல் சுவர் எங்கே தொடங்குகிறது என்று புற்றுநோய் மருத்துவரால் வரைய முடியாது. இதற்கு நிவாரணங்கள் உண்டு. உலோகக் கீற்றைக் குறைக்கும் மென்பொருளைப் பெரிய ஸ்கேனர் நிறுவனங்கள் எல்லாமே தருகின்றன. எம்ஆர்ஐ எடுத்து சிடியோடு பொருத்திப் பார்க்கலாம். கறுப்பாகத் தெரியும் இடம் சதைதான் என்று தெரிந்தால், அதைக் கோடிட்டுச் சதையின் அடர்த்தியைக் கையால் கொடுத்துவிடலாம். உலோகத்தைச் சுற்றியுள்ள இடத்தைப் பொறுத்தவரை, கொஞ்சம் பாடுபட்டால் சமாளித்துவிடுவோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத்துக்கு என்ன செய்வது? அதற்கும் கையால்தான் அடர்த்தி கொடுக்க வேண்டும். 4.4ஆ, 8.3ஆ? இந்த இடத்தில்தான் உங்கள் நாலு வரியைத் தேடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பழைய கணக்கு முறைகள் உலோகத்தை வெறும் கனமான நீர் என்று எடுத்துக்கொள்ளும். தப்பாகத்தான் போடும், ஆனால் கேள்வி கேட்காமல் போடும். மான்டே கார்லோ போன்ற புதிய முறைகள் ஒவ்வொரு பொருளின் அணுச் சேர்மானத்தையும் எடுத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. எலெக்ட்ரான்கள் உலோகத்தின் விளிம்பில் சிதறுவதைக்கூடக் கணக்கில் சேர்த்துவிடும். ஆனால் அவை என்ன பொருள் என்று கேட்கும். பட்டியலைத் திறந்து டைட்டானியமா, எஃகா, கோபால்ட் குரோமியமா என்று நாங்கள் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பல லட்சம் துகள்களின் பாதையைக் கணக்கிடும் மென்பொருளுக்கு முதல் விடையை ஊகத்தில் கொடுத்தால், அப்புறம் வரும் நுணுக்கத்துக்கெல்லாம் என்ன மதிப்பு?

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூட்டுத் தலை. அதன் நட்டநடுவே சிகிச்சைக் கருவியின் 6 மெகாவோல்ட் கதிர் போகிறது. அதே தடிமனில் சதை இருந்திருந்தால் கடந்துபோகும் கதிரோடு ஒப்பிடுவோம். கோபால்ட் குரோமியம் என்றால் பாதிக்கும் குறைவாகவே மறுபக்கம் வரும். தலை செய்யப் பயன்படும் இன்னொரு பொருளான அலுமினா செராமிக் என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும். மாற்றிப் போட்டுவிட்டால் அந்தப் பாதையில் வரும் கதிர் முற்றிலும் வேறு அளவாகிவிடும். 63ஆம் பணிக்குழுவின் அறிக்கையும், மூட்டின் பொருளையும் தடிமனையும் பொறுத்து இழப்பு 10 சதவீதத்திலிருந்து 64 சதவீதம் வரை போகும் என்றே சொல்கிறது. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் மொத்த டோஸில் சில சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ கவலைப்படுகிற துறை எங்களுடையது.

இங்கே உங்களில் ஒருவர் கேட்பார்: "உலோகத்தின் வழியாகக் கதிரை அனுப்பாமல் விட்டால் போதுமே, பெயர் எதற்கு?" நியாயமான கேள்வி. அனுப்பாமல் விடுவதுதான் எங்கள் வழக்கமும். 63ஆம் பணிக்குழு சொல்வதும் முடிந்தவரை அதையே. ஒரு பக்கம் மட்டும் மூட்டு மாற்றியவருக்கு இது பெரிய சிரமமில்லை. நல்ல பக்கத்திலிருந்தும் முன்னாலும் பின்னாலும் கதிரைக் கொடுத்து, உலோகம் உள்ள பக்கத்தில் கருவி சுற்றிவரும்போது மட்டும் கதிரை நிறுத்திவைக்கலாம். கட்டியைக் கடந்துவிட்ட பிறகு கதிர் உலோகம் வழியாக வெளியேறினால் கட்டிக்கு நட்டமில்லை. உள்ளே நுழையும் வழியைத்தான் அடைக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் மாற்றியவர் வந்தால் கதை மாறுகிறது. வலம், இடம் இரண்டும் அடைபடும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சாய்வாக மட்டுமே கொடுக்க முடியும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். உலோகத்தைத் தவிர்ப்பதற்கான விலையை அந்த இரண்டு உறுப்புகளும் கொடுக்கின்றன. சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்து மலத்தில் ரத்தம் வருவது, சிறுநீர் அடிக்கடி வருவது போன்றவற்றின் வாய்ப்பு இந்த இடத்தில்தான் கூடுகிறது. உலோகத்தின் பெயரும் அளவும் உறுதியாகத் தெரிந்து, நல்ல கணக்கு முறையும் கையில் இருந்தால், பக்கவாட்டுக் கதிரில் ஒரு பங்கையாவது தைரியமாக அனுமதிக்கலாம். தெரியாவிட்டால் முழுக்க அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட வரி எங்கள் வேலையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. நோயாளியின் மலக்குடலுக்கும் போய்ச் சேர்கிறது.

தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் இடுப்புக்கூட்டின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துப் பெரிய பரப்புக்குக் கதிர் கொடுக்கிறோம். எந்தக் கோணத்தில் போனாலும் ஏதாவது ஒரு ஓரம் உலோகத்தை உரசும். தொடை எலும்பில் பரவிய புற்றுநோய்க்கு நீங்களே மூட்டை மாற்றிவிட்டு அனுப்புகிறீர்களே, அவர்களுக்கு உலோகத்தைச் சுற்றியுள்ள எலும்பும் சதையும்தான் எங்கள் இலக்கு. எதைத் தவிர்ப்பது? அங்கே உலோகத்தின் விளிம்பில் நடப்பதும் சேர்ந்துகொள்கிறது. கதிர் நுழையும் பக்கத்தில் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் பின்னோக்கித் தெறித்து, ஒட்டியுள்ள சில மில்லிமீட்டர் திசுவில் டோஸைக் கூட்டும். உலோகத்துக்குப் பின்னால் நிழல் விழுந்து டோஸ் குறையும். இரண்டும் எவ்வளவு என்பது உலோகத்தின் அணு எண்ணையும் அடர்த்தியையும் பொறுத்தது. புரோட்டான் சிகிச்சையில் நிலைமை இன்னும் கறார்: கற்றை எங்கே நிற்கும் என்பதே பாதையில் உள்ள பொருளைப் பொறுத்தது என்பதால், உலோகம் உள்ள பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. தவறான பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது எந்தச் சோதனையிலும் மாட்டாது. சிகிச்சை தொடங்கும் முன் ஒவ்வொரு திட்டத்தையும் கருவியில் ஓட்டி அளந்து பார்க்கிறோம். ஆனால் அளப்பது சீரான பிளாஸ்டிக் அல்லது நீர் மாதிரிகளில், அல்லது தட்டையான உணரிகளில். அதற்குள் உலோக இடுப்பு கிடையாது. கருவி சொன்னபடி கதிர் தந்ததா என்பதை அந்தச் சோதனை பார்க்கும். நோயாளிக்குள் இருப்பது டைட்டானியமா கோபால்ட்டா என்று அதற்குத் தெரியாது. எல்லாம் தேறிவிட்டதாகப் பச்சை விளக்கு எரியும். சிகிச்சையின்போது உடலைக் கடந்து வரும் கதிரை அளக்கும் முறை இதில் கொஞ்சம் உதவும், ஆனால் எல்லாத் துறைகளிலும் அது நடைமுறையில் இல்லை.

சரி, பெயர் தெரியாதபோது என்ன செய்கிறோம்? நோயாளியைக் கேட்கிறோம். "ஸ்டீல் வச்சிருக்காங்க" என்பார். எதை வைத்தாலும் ஸ்டீல்தான். சிலர் "டைட்டானியம்னு டாக்டர் சொன்னார்" என்பார்கள். அது பெரும்பாலும் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டைப் பற்றியது. தேய்மானத்தைத் தாங்காது என்பதால் தலையை டைட்டானியத்தில் செய்வதில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். டைட்டானியத் தண்டு, கோபால்ட் குரோமியத் தலை, அந்தத் தலை உட்காரும் டைட்டானியக் கிண்ணம், அதற்குள் பாலிஎத்திலீன் உறை என்று ஒரே மூட்டுக்குள் மூன்று பொருள் இருக்கலாம். சிமென்ட் வைத்துப் பொருத்தியிருந்தால் தண்டே எஃகாகவோ கோபால்ட் குரோமியமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சிமென்டுக்குள் கலந்திருக்கும் பேரியம் சல்பேட்டும் சிடியில் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டுக் கதிரை மறைப்பது முக்கியமாகத் தலையும் கிண்ணமும்தான். அதாவது நோயாளிக்குச் சொல்லப்படாத பாகம்.

அடுத்து அறுவை நடந்த இடத்தில் பழைய கோப்பைக் கேட்கிறோம். மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். கோப்பை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழித்திருப்பார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் ஹார்மோன் மருந்தைத் தொடங்கிவிட்டுச் சில வாரம் தேடலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயில் அப்படித் தள்ளிப்போட இடமில்லை. கடைசியில் எக்ஸ்ரேயில் தெரியும் வடிவத்தை வைத்து ஊகிக்கிறோம். இல்லாவிட்டால் இரண்டு உலோகங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எது வந்தாலும் தாங்கும் திட்டத்தைத் தேடுகிறோம். ஊகத்தில் செய்யக்கூடியதில் அதுதான் நாணயமான வழி. ஆனால் எது வந்தாலும் தாங்கும் திட்டம் எதற்கும் சிறந்த திட்டமாக இருப்பதில்லை.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. உடலுக்குள் உலோகம் உண்டா என்ற கேள்வியைப் பல கதிர்வீச்சுத் துறைகள் முதல் நாள் படிவத்தில் சேர்ப்பதே இல்லை. சிடி மேசையில் படுத்தபிறகு திரையில் வெள்ளையாக வெடிக்கும்போதுதான் தெரிகிறது. முதல் நாளே கேட்டிருந்தால் தேடுவதற்கு அவகாசமாவது கிடைத்திருக்கும். இதை என் துறையினரிடம் தனியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது உங்களிடம் கேட்பதை விவரமாகச் சொல்கிறேன். கிண்ணம், உறை, தலை, தண்டு ஆகிய நான்கின் பொருளும், தலையின் விட்டமும், சிமென்ட் உண்டா இல்லையா என்பதும், எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். பொருளை எழுதும்போது வெறுமனே "உலோகம்" என்றோ "இறக்குமதி" என்றோ எழுதாதீர்கள். பெட்டியோடு வரும் தாளில் ஐஎஸ்ஓ 5832 (உடலுக்குள் வைக்கும் உலோகங்களுக்கான பன்னாட்டுத் தரம்) எண் இருந்தால் அதை அப்படியே எழுதினாலும் போதும்: பகுதி 1 எஃகு, பகுதி 3 டைட்டானியக் கலவை, பகுதி 4உம் 12உம் கோபால்ட் குரோமியக் கலவைகள். அதற்கும் நேரமில்லையென்றால், பெட்டியில் ஒட்டிக் கிழிக்கும் ஸ்டிக்கர்கள் வருகின்றனவே, ஒன்றை அறுவைக் குறிப்பில் ஒட்டும்போது இன்னொன்றை நோயாளியின் அட்டையில் ஒட்டிவிடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் பொருள் எண்ணும் இருந்தால், பல வருடம் கழித்தும் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பிறகு எப்போதாவது தலையையோ உறையையோ மட்டும் மாற்றினால் அதையும் அட்டையில் சேர்த்துவிடுங்கள். பழைய அட்டையை நம்பித் திட்டம் போடுவது, அட்டையே இல்லாததைவிட ஆபத்து.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 மருத்துவக் கருவி ஒழுங்குமுறையின் 18ஆம் பிரிவு, உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு நோயாளியிடம் அட்டை கொடுக்க வேண்டும் என்கிறது. திருகு, தகடு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு; இடுப்பு மூட்டுக்கு இல்லை. ஸ்வீடன் தன் இடுப்பு மூட்டுப் பதிவேட்டை 1979இலேயே தொடங்கிவிட்டது. பதிவேடுகள் எந்த மூட்டு நெடுநாள் உழைக்கிறது என்று ஆராய அருமையானவை. ஆனால் வேறு துறையில் வேறு நோய்க்கு வந்து நிற்கும் ஒருவரின் விவரத்தை அந்த நேரத்தில் எடுத்துப் பார்க்க, அவர் கையில் இருக்கும் அட்டைக்கு ஈடாக எதுவும் இல்லை. அட்டை தொலைந்துவிடுமே என்றால், கொடுக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் வசதிக்காக நீங்கள் வைக்கும் மூட்டை மாற்றச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புக் கட்டி அறுவையில் கதிர்வீச்சை முன்கூட்டியே யோசித்துக் கார்பன் நார் கலந்த பீக் என்ற பிளாஸ்டிக் திருகுகளைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது பொருத்தம். கதிர்வீச்சு வரப்போகிறது என்று முன்பே தெரியும். தேய்ந்த மூட்டுக்கு அறுவைக்கு வருபவருக்கு எது நன்றாக உழைக்குமோ அதையே வையுங்கள். கோபால்ட் குரோமியம் என்றால் கோபால்ட் குரோமியம். தெரிந்துவிட்டால் எங்களால் கணக்குப் போட முடியும்.

இன்னும் ஒன்றே ஒன்று. ஏற்கெனவே மூட்டு மாற்றிக்கொண்டு, அட்டை ஏதுமில்லாமல் இருப்பவர்கள் ஏராளம். இனி எழுதப்போகும் வரிகள் அவர்களுக்கு உதவாது. ஆனால் நாங்கள் மணிக்கணக்கில் பார்த்தும் பிடிபடாத எக்ஸ்ரேயை, உங்களில் அனுபவமுள்ள ஒருவர் பார்த்தால் தண்டின் தோள் வளைவையும் கழுத்தின் கோணத்தையும் வைத்தே இது இன்ன மூட்டு, இன்ன காலத்தில் வந்தது என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு படம் உங்கள் பிரிவுக்கு வந்தால் பதில் போடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் "கோபால்ட் குரோமியமாக இருக்கலாம், உறுதியில்லை" என்று எழுதினாலும் எங்களுக்கு அது பெரிய உதவி. இப்படிப்பட்ட படங்களை யாருக்கு அனுப்பலாம் என்று உங்கள் பிரிவில் ஒருவரின் பெயரைப் பக்கத்திலுள்ள கதிர்வீச்சுத் துறைக்கு இந்த வாரமே சொல்லிவைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் பணிபுரியும் ஒரு மருத்துவ இயற்பியலாளர்